பாய்க்குக் கீழே வந்த குளிர்

எங்கள் ஊருக்குப் பெயர் மேரு. புராணத்தில் மேரு என்றால் தேவர்கள் வாழும் பொன்மலை. எங்கள் மேருவிலோ மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கிள்ளான் பட்டணத்திலிருந்து வடக்கே காப்பார் பக்கம் போகும் வழியில், ஒரு காலத்தில் பால்மரமும் பிறகு செம்பனையுமாய் நிறைந்து கிடந்த சமவெளி இது. இரவில் மின்விசிறி ஓடாவிட்டால் தூக்கம் வராது. குளிர் என்பதை நாங்கள் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போதுதான் அறிவோம்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு குடும்பம் கேமரன் மலையில் கூடாரம் அடித்துத் தங்கப் போனால் என்ன ஆகும்? எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். வாசகர்களில் எவரேனும் அடுத்த பள்ளி விடுமுறைக்கு அப்படிக் கிளம்புவதாக இருந்தால், எங்கள் அனுபவம் உங்கள் முதுகைக் காப்பாற்றட்டும்.

போக நினைத்த காரணம்

போக வேண்டும் என்று முதலில் சொன்னவர் என் அப்பா. வயது எழுபத்து நான்கு. முப்பது ஆண்டுக்கு மேல் மேரு பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலைப் பிரட்டுக்கு எழுந்த பழக்கம் இன்னும் விடவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, போக ஒரு காடு இல்லாமல், வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் நடந்த நிரைகளெல்லாம் இப்போது வீடுகளாகிவிட்டன. பக்கத்தில் செத்தியா ஆலாம் என்று ஒரு நகரமே எழுந்து நிற்கிறதே, அதுவும் முன்பு நார்த் ஹம்மோக் தோட்டம்தான்.

அப்பாவுக்கு ஒரே தம்பி. 1974-இல், பத்தொன்பதாம் வயதில், "இங்கே இருந்தால் வயிறு நிறையாது" என்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் எங்கள் சித்தப்பா. அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். 1989-இல் நோய் கண்டு அங்கேயே காலமானார். சேதி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. சித்தியும் பிள்ளைகளும் வேறு ஊர் போய்விட்டார்கள். தம்பியின் சமாதியை அப்பா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வருஷம் ஓடிவிட்டது. சென்ற ஆண்டு ஒருநாள் சாப்பிடும்போது, "தம்பி, கால் நடக்குற வரைக்குந்தான். ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விடுதியில் அறை எடுத்திருக்கலாம். பள்ளி விடுமுறை, அறைகளெல்லாம் நிறைந்திருந்தன. கிடைத்த ஒன்றிரண்டும் எங்கள் கைக்கு எட்டாத விலை. "கூடாரத்திலே தங்குவோம்ப்பா" என்று பிள்ளைகள் குதித்தார்கள். என் மைத்துனரிடம் கூடாரம் இருந்தது. தானா ராத்தாவை ஒட்டி சுங்கை பாவ் என்ற இடத்தில் முகாம் திடல் இருக்கிறது. சரி என்று முடிவு செய்தோம்.

முதல் இரவு

புக்கிட் ராஜா சுங்கச்சாவடியில் ஏறி, வடக்கே தாப்பா வரை நெடுஞ்சாலை. தாப்பாவில் இறங்கியதும் மலைச் சடக்கு. வளைவுக்கு வளைவு மூங்கிலும் பெரணிச் செடியும். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நின்று நாசி லெமாக் பசியாறினோம். ரிங்லெட் தாண்டியதும் காடியின் கண்ணாடியை இறக்கிவிட்டார் அப்பா. முகத்தில் பட்ட காற்றுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இந்தக் காத்துதான் அவனுக்குப் புடிச்சிருச்சு" என்றார்.

நாங்கள் கொண்டுபோன படுக்கைகளைச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கும் மனைவிக்கும் பேரங்காடியில் வாங்கிய பெரிய காற்று மெத்தை. பம்பு வைத்து அடித்தால் முழங்கால் உயரம் எழும்பும். மகளுக்கு அவளுடைய யோகாப் பாய். மைத்துனருக்கு இரண்டு கம்பளி. அப்பாவுக்கு நானே ஒரு தடித்த நுரை மெத்தை எடுத்து வைத்திருந்தேன். அவர் காடியில் ஏறும்போதே அதை இறக்கி வைத்துவிட்டார்.

"ஏண்டா, லயத்துல சாக்கு விரிச்சுப் படுத்து வளர்ந்தவனுக்கு மெத்தையா? என் மெங்குவாங் பாய் போதும்."

பசிக்குக் கறி வேண்டாம், நித்திரைக்குப் பாய் வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள். இவர் பாயாவது கேட்டாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

சின்னவனுக்கு மட்டும் படுக்கை போதவில்லை. அரிசி, மைலோ, பிஸ்கட் கொண்டுபோன அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, மேலே ஒரு துப்பட்டியை விரித்து அவனைப் படுக்க வைத்தோம்.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு குளிர் ஆரம்பித்தது. நான் காற்று மெத்தையில் புரண்டு புரண்டு படுத்தேன். மேலே இரண்டு போர்வை. மார்பு கதகதப்பாக இருந்தது. முதுகு மட்டும் ஈரத்துணியில் படுத்தது போலிருந்தது. மனைவி எழுந்து உட்கார்ந்தேவிட்டாள். மகள் அவள் மடியில் வந்து ஒண்டிக்கொண்டாள். மைத்துனர் இரண்டு கம்பளியையும் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காடிக்குள் போய்விட்டார். சின்னவன் மட்டும் அட்டைமேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்!

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

விடிந்ததும் அவரை எழுப்பினேன். எழ முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. உதடு வெளுத்திருந்தது, கை விரல் ஜில்லிட்டு, சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. இரவு முழுவதும் கண்ணை மூடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுடச்சுடத் தேநீர் கொடுத்து, காடிக்குள் உட்கார வைத்துக் கம்பளி சுற்றினோம். மதியம் வரை நடுக்கம் அடங்கவில்லை. மருத்துவரிடம் காட்டி, அன்றே ஊர் திரும்பினோம். தம்பியின் சமாதி இருக்கும் தோட்டத்தை அவர் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தைத்துவிட்டது.

"போன புதுசுல அவன் ஒரு லெட்டர் போட்டான்டா. 'அண்ணே, கம்பளி வேணாம், பழைய சாக்கு நாலு கெடைச்சா அனுப்பி வை'ன்னு எழுதியிருந்தான். அண்ணங்காரன் சாக்கு அனுப்புறதான்னு எனக்கு ரோசம். கடன் வாங்கி ஒரு கம்பளி வாங்கி அனுப்பினேன். ஏன் சாக்கு கேட்டான்னு நேத்து ராத்திரிதான் புரிஞ்சுது."

குளிர் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்கு வந்ததும் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு படித்தேன். மலையேறும் இளைஞர்களைக் கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு, ஆறரை டிகிரி சூடு குறையும். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். கிள்ளானில் பின்னிரவில் 24 டிகிரி என்றால் அங்கே 15 டிகிரி. பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டருக்கும் மேல். அங்கே இன்னும் குறையும். ஐரோப்பியருக்கு இது இளவேனில். விசிறிக் காற்றில் படுத்துப் பழகிய நமக்கு இது கடுங்குளிர்.

நாம் குளிருக்குப் போர்வையைத்தான் நினைக்கிறோம். போர்வை எப்படிக் காக்கிறது? நூலுக்கு நூல் இடையே அசையாத காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு காக்கிறது. அந்தக் காற்றுதான் சூட்டை வெளியே விடாத வேலி. ஆனால் அதே போர்வையை நமக்குக் கீழே போட்டால், நம் பாரத்தில் அது நசுங்கிவிடுகிறது. காற்று வெளியேறிவிடுகிறது. வேலி போய்விடுகிறது. விலை உயர்ந்த உறக்கப்பைக்கும் இதே கதிதான். மேல்பாதி காக்கும், கீழ்ப்பாதி நசுங்கிக் கிடக்கும். மைத்துனர் இரண்டு கம்பளி வைத்திருந்தும் நடுங்கியது இதனால்தான்.

தரையோ நம் உடம்பின் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரத்தரை என்றால் இன்னும் வேகமாய் உறிஞ்சும்.

அப்பாவின் பாய் என்ன செய்தது? மெங்குவாங் பாயாகட்டும், நம் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடைக் கோரைப்பாயாகட்டும், இவை வெயில் நாட்டு மனிதன் கண்ட அற்புதங்கள். உடம்புச் சூட்டைக் கீழே இறங்கவிட்டுக் குளிர்ச்சி தருவதுதான் அவற்றின் குணம். மேருவில் அது வரம். மலையில் அதுவே சாபமாகிவிட்டது.

எங்கள் காற்று மெத்தை? உள்ளே காற்றுதானே இருக்கிறது, காக்க வேண்டாமா என்று கேட்கலாம். காற்று அசையாமல் இருந்தால்தான் காக்கும். அவ்வளவு பெரிய வெற்று மெத்தைக்குள் காற்று சுழன்றுகொண்டே இருக்கிறது. மேலே சூடாகி, கீழே தரையில் பட்டுக் குளிர்ந்து, மறுபடி மேலே வருகிறது. முதுகுக்குக் கீழே ஒரு குளிர்சாதனப் பெட்டியை வைத்துக்கொண்டு படுத்தது போல ஆயிற்று.

சின்னவனின் அட்டைப்பெட்டி? அட்டையின் நடுவே நெளிநெளியாக ஓடும் வரிகளில் சிறு சிறு காற்றறைகள் இருக்கின்றன. பிள்ளையின் பாரத்துக்கு அவை நசுங்கவில்லை. சித்தப்பா கேட்ட சாக்கும் அதே ரகந்தான். முரட்டுச் சணல், நாலு மடிப்பாகப் போட்டால் எளிதில் நசுங்காது, தரையை எட்டி நிறுத்தும். படிக்காத அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை, அனுபவத்தில் கண்டறிந்து எழுதியிருக்கிறது. நாங்கள்தான் புரிந்துகொள்ள ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டோம்.

மூன்று வகை விரிப்புகள்

முகாமிடுவோர் கீழே போட்டுப் படுக்கும் விரிப்புகள் இன்று மூன்று வகையாகக் கிடைக்கின்றன.

முதலாவது, நுரை விரிப்பு. மூடிய குமிழ்களால் ஆன நுரை, தண்ணீர் உறிஞ்சாது. முட்டை அட்டை போல் மேடுபள்ளமாக, மடித்து வைக்கும்படி இருக்கும். அல்லது பாய் போல் சுருட்டலாம். விலை குறைவு, எடை அரைக் கிலோவுக்கு உள்ளேதான். முள் குத்தினாலும் கவலை இல்லை. இதன் குறை, கடினமாக இருக்கும். முதுகுப்பைக்கு வெளியே கட்டித் தூக்க வேண்டும். யோகாப் பாய் வேறு, இது வேறு. யோகாப் பாய் மெல்லியது, கெட்டியானது. வழுக்காமல் நிற்கத்தான் அது செய்யப்பட்டது. குளிருக்கு அதை நம்பாதீர்கள்.

இரண்டாவது, தானே காற்றேறும் விரிப்பு. காற்றுப்புகாத உறைக்குள் திறந்த குமிழ் நுரை இருக்கும். மூடியைத் திறந்தால் நுரை விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும். இது வந்த கதை சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் போயிங் விமானத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தியது. அப்படி வேலை இழந்த எஞ்சினியர்களான ஜிம் லியா, நீல் ஆண்டர்சன் ஆகியோர் மலையேறுவதில் ஆர்வமுள்ள ஜான் பரோஸ் என்பவரோடு சேர்ந்து இந்த விரிப்பை உருவாக்கினார்கள். 1972-இல் தொடங்கிய அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான் தெர்மரெஸ்ட் என்ற பெயர். வேலை போனது, உலகுக்கு ஒரு நல்ல படுக்கை வந்தது! மெத்தென்று இருக்கும், எடைதான் கொஞ்சம் கூடுதல். காடியில் போய் இறங்குகிற குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, காப்பு வைத்த காற்று விரிப்பு. பார்க்க எங்கள் பேரங்காடி மெத்தை போலத் தோன்றினாலும் உள்ளே செயற்கைப் பஞ்சோ, சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான தாள்களோ வைத்திருப்பார்கள். காற்று சுழலாமல் அவை தடுக்கின்றன. ஏழு முதல் பத்து செண்டிமீட்டர் தடிமன். சுருட்டினால் ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு. முதுகில் சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கு இதுதான் உகந்தது. தாமான் நெகாராவில் 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தாஹான் ஏறப் போகும் பிள்ளைகள், உணவிலிருந்து கூடாரம் வரை எல்லாவற்றையும் தாங்களே சுமக்க வேண்டும். அவர்களுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. ஆனால் விலை அதிகம். முள் குத்தினால் இரவு பாழ். ஒட்டுப்போடும் சாமான் கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது. சிலவற்றில் புரளும்போது சருகு மிதிப்பது போல் சத்தமும் வரும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரப்பர்ப் பாலை அடித்து நுரையாக்கி மெத்தை செய்யும் முறையை 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். நம் நாட்டுப் பால்மரம் எத்தனையோ பேரை மெத்தையில் தூங்க வைத்தது. அந்தப் பாலை வெட்டியவர்கள் லயத்தில் சாக்கு விரித்துப் படுத்தார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "அப்ப ஒரு மெத்தை எனக்குப் பாக்கி இருக்குன்னு சொல்லு" என்றார்.

ஆர் மதிப்பு என்றால் என்ன?

கடையில் விரிப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். 'ஆர் மதிப்பு' என்று ஓர் எண் போட்டிருக்கும். சூடு கீழே கசிவதை விரிப்பு எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. எண் ஏற ஏறக் கதகதப்பு ஏறும். முன்பெல்லாம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் மனம்போல ஓர் எண் போட்டார்கள். 2018-இல் ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்ற பொது அளவுமுறை வந்தது. விரிப்பின் ஒரு பக்கம் சூடான தகடு, மறுபக்கம் குளிர்ந்த தகடு வைத்து, சூட்டைக் குறையாமல் வைத்திருக்க எவ்வளவு சக்தி செலவாகிறது என்று பார்க்கிறார்கள். அந்த முறையில் அளந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. ஆர் மதிப்பே போடாத விரிப்பு என்றால், குளிருக்கு நம்ப வேண்டாம்.

நம் நாட்டுக்கு எவ்வளவு வேண்டும்? உலு லங்காட் சுங்கை சொங்காக் போன்ற தாழ்வான ஆற்றங்கரை, மோரிப் போன்ற கடற்கரை என்றால் 1 போதும். அங்கே குளிரை விட மேடுபள்ளமும் ஈரமும்தான் தொந்தரவு. காப்பு அதிகமானால் வியர்த்துக்கொட்டும். சாதாரண நுரை விரிப்பின்மேல் பாயை விரித்துப் படுத்தால் சுகம். கேமரன் மலை போன்ற இடங்களுக்கு 2 முதல் 3 வரை. வயதானவர்கள், ஒல்லியானவர்கள், எளிதில் குளிரெடுப்பவர்கள் 4 வரை வைத்துக்கொள்ளலாம். கினாபாலு ஏறுவோர் லாபான் ராத்தா பக்கத்து விடுதியில் கட்டிலில்தான் படுக்கிறார்கள். அதற்காக விரிப்பு வாங்க வேண்டாம். பனிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு 5-க்கு மேல் வேண்டும்.

இன்னொரு நல்ல சேதி. ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். 2 உள்ள நுரை விரிப்பின்மேல் 3 உள்ள காற்று விரிப்பைப் போட்டால் 5 ஆகிவிடும். பனியில் முகாமிடுவோர் இப்படி இரண்டு அடுக்குப் போடுவது வழக்கம். 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டிய எம். மகேந்திரனும் என். மோகனதாசும் நம்மவர்கள் அல்லவா? வெயில் நாட்டுப் பிள்ளைகள், பனிக்கட்டியின் மேல் வாரக்கணக்கில் படுத்தெழுந்துதான் அந்த உச்சியைத் தொட்டார்கள். உச்சியில் நிற்கும் படத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னால் எத்தனை இரவு தூங்கியாக வேண்டும் என்பதை நினைப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க

சப்பாத்தைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம்; விரிப்பை மட்டும் பார்த்துவிட்டு வாங்கலாமா? கடைக்காரரிடம் கேட்டு விரித்துப் படுத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். மல்லாந்து மட்டும் படுத்தால் போதாது, ஒருக்களித்துப் படுங்கள். இடுப்பெலும்பும் தோளும் தரையில் தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் தடிமன் வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு ஏழு செண்டிமீட்டராவது இருந்தால் நல்லது. காற்றை முட்ட முட்ட அடைக்காதீர்கள். படுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, உடம்பு பதியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அகலம் சாதாரணமாக ஐம்பது செண்டிமீட்டர். புரண்டு படுப்பவரின் கை தரையில் விழும். அறுபதுக்கு மேல் அகலமானதும் உண்டு. வயதானவர்களுக்கு அகலமானதையே வாங்குங்கள். மேல்துணி வழுக்கக் கூடாது. சற்றே சரிவான தரையானாலும் தூங்குகிறவர் கூடார மூலைக்குப் போய்விடுவார்.

வாயால் ஊதாதீர்கள். நம் மூச்சின் ஈரம் உள்ளே தங்கி, நம் நாட்டுப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காற்று நிரப்பும் பையோ சிறு பம்போ வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கித்தான் துணி விரித்து, முள்ளும் கல்லும் பொறுக்கிவிட்டுப் போடுங்கள். வெயிலில் நிற்கும் காடியில் விட்டுவைத்தால் ஒட்டு விட்டுப்போகும். வீட்டில் தானே காற்றேறும் விரிப்பைச் சுருட்டி வைக்காமல், மூடியைத் திறந்தபடி கட்டிலுக்கடியில் விரித்து வையுங்கள். நுரையின் சக்தி குறையாது.

கைப்பணம் குறைவா? விரலுக்குத் தக்க வீக்கம். ஒரு நுரை விரிப்பு, அதன் கீழே இரண்டு அடுக்கு அட்டைப்பெட்டி. கேமரன் மலை ஓர் இரவுக்கு இது போதும். அட்டை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதைக் காட்டில் போட்டுவிட்டு வராதீர்கள்.

விரிப்பை விட முக்கியமானது

எவ்வளவு நல்ல விரிப்பானாலும் விரிக்கும் இடம் தவறானால் பயனில்லை. ஆற்றை ஒட்டிக் கூடாரம் போடாதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே 'கெப்பாலா ஆயிர்' என்னும் திடீர் வெள்ளம் வந்துவிடும். சரிவின் அடியிலும் வேண்டாம். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில் பத்தாங் காலியில் முகாம் திடலின்மேல் மண் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களில் முப்பத்தொரு பேர் மாண்டதை நாம் மறக்க முடியுமா? அனுமதி பெற்ற திடல்தானா என்று விசாரித்து, மழைக்காலத்தைத் தவிர்த்துப் போங்கள். பட்ட மரத்தடியும் ஆகாது. மலையில் தனியாக உலாவக் கிளம்பாதீர்கள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற ஜிம் தாம்சன் 1967-இல் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை.

இரண்டாவது பயணம்

நான்கு மாதம் கழித்து மறுபடியும் போனோம். இந்தத் தடவை ஆளுக்கொரு நுரை விரிப்பு. அப்பாவுக்கு மட்டும் அதன்மேல் தானே காற்றேறும் அகல விரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய அதே மெங்குவாங் பாய். பாய் இல்லாமல் படுக்கமாட்டேன் என்று பிடிவாதம்! இருந்துவிட்டுப் போகட்டும், அடியில் காப்பு இருக்கிறதே. காலுக்கு உறையும் தலைக்குக் கம்பளிக் குல்லாவும் மாட்டிவிட்டாள் மருமகள்.

நடுநிசியில் நான் கைவிளக்கை மறைத்துப் பிடித்துப் பார்த்தேன். அப்பா ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டை போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

காலை ஐந்து மணிக்குத் தாமாகவே எழுந்துவிட்டார். பிரட்டுக்குப் போகிறவர் போலச் சட்டையை மாட்டிக்கொண்டார். எட்டு மணிக்குத் தோட்டத்தில் இருந்தோம். 1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து நம்மவர் எத்தனையோ பேரின் உழைப்பில் பச்சைப்பசேல் என்று ஆன மலைகள் அவை. இன்று கொழுந்து கத்தரிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆனால் கோயில் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவருக்குச் சித்தப்பாவை நினைவிருந்தது. "நல்லாத் தப்படிப்பாரே, அவருதானே?" என்று கேட்டுவிட்டு, அவரே முன்னால் நடந்து இடத்தைக் காட்டினார்.

சமாதியில் புல் மண்டிக் கிடந்தது. அப்பா குனிந்து தம் கையாலேயே பிடுங்கினார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சூடம் ஏற்றினோம். பிறகு அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். நாலாக மடித்த ஒரு பழைய சாக்கு. மேருவிலிருந்து, எங்களுக்குத் தெரியாமல், எடுத்து வந்திருக்கிறார். அதைக் கல்லின் அடியில் விரித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"லேட்டாயிருச்சுடா தம்பி" என்றார்.

என்னைச் சொன்னாரா, சித்தப்பாவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வாசகர்களே, வீட்டில் வயதானவர்கள் ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டால் தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கு எதுவும் வேண்டாம், தரையே போதும்" என்று அவர்கள் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். நாம்தான் பார்த்து விரிக்க வேண்டும்.